மிக்-21: இறக்கிப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் சல்யூட் அடித்தார்கள், மீதிப் பேர் "அப்பாடா, பறக்கும் சவப்பெட்டி ஒழிஞ்சது" என்று எழுதினார்கள். நான் இரண்டு கட்சியிலும் சேராமல், அந்த விமானத்தை, கம்ப்யூட்டரில் நிஜம் போலவே ஓட்டவிடும் சிமுலேட்டரிலாவது ஒரு தடவை ஸ்விட்ச் ஸ்விட்சாகப் போட்டுக் கிளப்பி, ஓட்டி, இறக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். "கேம் விளையாடிட்டு ஏர்ஃபோர்ஸுக்கே வியாக்கியானம் சொல்றியா" என்று ஒரு நண்பன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். வாய்ஸ் நோட் மேல் வாய்ஸ் நோட்டாகப் போடுவதை விட இங்கே விலாவாரியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் கட்சி இதுதான். மிக்-21 சின்னத் தப்பையும் பொறுக்காத விமானம். அப்படிப்பட்ட விமானத்தை, அப்போதுதான் பயிற்சி முடித்து வந்த இருபத்திச் சொச்சம் வயதுப் பையன்களிடம், இடையில் ஒரு படிக்கட்டுகூட வைக்காமல், அதன் காலம் தாண்டியும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குத் தலையில் ஏறியதை விட, அதை இறக்க முயன்றபோது கையில் ஏறியது அதிகம்.

நான் ஓட்டும் சிமுலேட்டர் டி.சி.எஸ். வேர்ல்டு. ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்துடையது, அடிப்படை இலவசம். சு-25டி, டி.எஃப்-51டி இரண்டு விமானமும் காக்கசஸ் நிலப்பரப்பும் காசில்லாமல் வரும், மற்ற விமானம் பெரும்பாலும் காசுதான். வார் தண்டரிலும் மிக்-21 உண்டு, ஆனால் அது சட்டென்று ஏறிச் சுட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு. ஃபால்கன் பி.எம்.எஸ். இன்னொரு வகை. 1998-இல் வந்த ஃபால்கன் 4.0-வை ரசிகர்கள் இன்றுவரை சாகவிடாமல் தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதில் போர்க்களம் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் சண்டை நடக்கும். அந்த ஒரு விஷயத்தில் டி.சி.எஸ். இன்னும் அதன் பக்கத்தில் வரவில்லை என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். ஆனால் அங்கே எஃப்-16தான் கதாநாயகன்.

நம் விமானப்படை ஓட்டிய ரகத்தை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் பெரிதாகத் தேர்வு கிடையாது. சூலூரில் இருக்கும் தேஜஸுக்கு அதிகாரப்பூர்வ மாட்யூல் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் விமானம்) இல்லை. தஞ்சாவூரில் இருக்கும் சுகோய்-30 எம்.கே.ஐ.க்கும் இல்லை. மிராஜ் 2000 இருக்கிறது, ஆனால் அது பிரெஞ்சு விமானப்படையின் சி ரகம். 2014-இல் வந்த மிக்-21 பிஸ் மாட்யூல்தான் நம் ஆட்கள் ஓட்டியதற்கு ரொம்ப நெருக்கம். மிக்-21-இன் பிஸ் ரகத்தை ஹெச்.ஏ.எல். நாசிக்கில் தயாரித்தது, பின்னால் அதில் ஒரு பகுதியைத்தான் நவீனப்படுத்தி பைசன் என்று பெயர் வைத்தார்கள். தள்ளுபடி போடும் சமயம் பார்த்து வாங்கினால் பர்ஸ் தாங்கும்.

சாமான் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். முறுக்கினால் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் துடுப்பு) வேலை செய்யும் ஜாய்ஸ்டிக் ஒன்று, 32 ஜி.பி. ரேம், அவ்வளவு போதும். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் விசாரித்தால் பழைய ஜாய்ஸ்டிக் எப்போதாவது மாட்டும், ஆனால் வாங்குவதற்கு முன் கம்ப்யூட்டரில் சொருகி, கையை எடுத்ததும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளே கை அசைவை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்திருந்தால் விமானம் குடித்தவன் மாதிரி ஆடும். காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் வைத்ததில் அந்தத் தேய்மானம் கிடையாது. தலையைத் திருப்பினால் திரையிலும் பார்வை திரும்ப, ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் சாதாரண வெப்கேமும் போதும். அப்புறம் ஒரு யு.பி.எஸ். இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும் நாளை மறந்துவிட்டு ஒரு நீண்ட மிஷனில் உட்கார்ந்தால் தெரியும்.

சரி, காக்பிட்டுக்குப் போவோம். பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத அந்த ரஷ்ய வண்ணம், எங்கே பார்த்தாலும் டயல், முன்னால் தடித்தடியாகக் கண்ணாடிச் சட்டங்கள். வலது பக்கம் ஸ்விட்ச் வரிசை: பேட்டரி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், ஜைரோ, எரிபொருள் பம்ப். டயல்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும், புதிதாகப் பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். விமானம் சுழன்றுகொண்டு விழும்போது எது மேல் எது கீழ் என்று விமானிக்குப் புரியாது, கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக் நடுவில்தான் இருக்கிறதா என்பதும் புரியாது. அப்போது ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய் வைக்க வேண்டும், அதற்குத்தான் அது. சுழற்சியில் மாட்டுவோம் என்று எதிர்பார்த்தே பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள் பாருங்கள்.

எங்கள் தெருவில் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். காலையில் நடக்கப் போவார், சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், கேட்டால் ஒழிய பழைய கதை பேச மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு திரை முன்னால் உட்கார வைத்தேன். முதலில் சத்தம் சரியில்லை என்றார். அப்புறம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரைக்குக் கிட்டே போய், எரிபொருள் காட்டும் டயலைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, இதைச் செட் பண்ணீங்களா?"

"பண்ணணுமா சார்?"

"இந்த முள்ளு டேங்க்கைப் பார்க்கறதில்ல. எவ்வளவு ஊத்தியிருக்குன்னு நாமதான் சொல்லணும். என்ஜின் குடிக்கக் குடிக்க இது கழிச்சுக்கிட்டே வரும். நாம தப்பாச் சொன்னா இதுவும் தப்பாத்தான் சொல்லும், வானத்துல போய்த்தான் தெரியும்."

விஷயம் அதுதான். மிக்-21-இல் எரிபொருள் மீட்டர் என்பது ஒரு கழித்தல் கணக்கு. தரையில் டேங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அந்த எண்ணுக்கு முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும், சிம்மிலும் (சிமுலேட்டரைத்தான் சொல்கிறேன்) அதற்கென்று ஒரு குமிழ் இருக்கிறது. உள்டேங்க்குகளில் மொத்தம் மூவாயிரம் லிட்டருக்கும் குறைவுதான் பிடிக்கும், என்ஜின் வாலில் இன்னும் எரிபொருளை ஊற்றி எரித்து வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டால் முள் கண் முன்னாலேயே இறங்கும். சின்ன விமானம், சின்ன வயிறு. இந்த விமானத்தில் போனவர்கள் எப்போதும் வீட்டுக்குத் திரும்பும் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் பறந்திருக்க வேண்டும்.

கிளம்பி ஓடுதளத்துக்குப் போவதே ஒரு வித்தை. மூக்குச் சக்கரத்தைத் திருப்ப வழி கிடையாது, அது தன் இஷ்டத்துக்குச் சுழலும். ஸ்டிக்கில் இருக்கும் பிரேக் நெம்பை அழுத்திக்கொண்டே ரட்டர் மிதியை எந்தப் பக்கம் மிதிக்கிறோமோ அந்தப் பக்கச் சக்கரம் பிடிக்கும், விமானம் திரும்பும். பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. அழுத்திக்கொண்டே போனால் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வரும், கடைசியில் பிரேக்கே இருக்காது. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் முதல் தடவை உட்கார்ந்ததும், "மாமா, நேராப் போன்னா இது அங்கிட்டுப் போகுது, அங்கிட்டுத் திருப்புனா இங்கிட்டுப் போகுது" என்று புல்தரையில் கொண்டுபோய் நிறுத்தினான். பறக்கவே ஆரம்பிக்கவில்லை.

ஆனால் ஒன்று, ஆஃப்டர்பர்னரைத் திறந்துவிட்டு 350 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டித் தரையை விட்டதும் எல்லாக் கடுப்பும் போய்விடும். சக்கரத்தை உள்ளே இழுத்து வேகம் பிடிக்கவிட்டு மூக்கைத் தூக்கினால், நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் ஏறும். அதாவது திருப்பரங்குன்றம் மலை உயரத்தை மூச்சு விடும் நேரத்தில் தாண்டிவிடும். இது எதற்காகப் பிறந்த விமானம் என்பது அங்கே புரிகிறது. 1950-களில், மிக உயரத்தில் வரும் குண்டுவீச்சு விமானத்தை மறிக்க வேண்டும். கீழே ரேடாரில் இருப்பவர் திசை சொல்வார், இது விறுவிறு என்று ஏற வேண்டும், ஒலியின் இரண்டு மடங்கு வேகத்தில் போய் ஏவுகணையை விட வேண்டும், திரும்பி வந்து இறங்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றுவது, தாழப் பறந்து தரையில் குறி தேடுவது, இதெல்லாம் வரைபடம் போட்டவர்கள் முதலில் மனதில் வைத்த வேலை இல்லை.

நம்மிடம் வந்த பிறகு அது எல்லா வேலையும் பார்த்தது. 1963-இல் சண்டிகரில் 28-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தது. 1971 போரில் டாக்காவின் தேஜ்காவ் ஓடுதளத்தில் குண்டு போட்டு, எதிரி விமானம் எழும்ப முடியாமல் செய்தது. டிசம்பர் 14-ஆம் தேதி அதே டாக்காவில் கவர்னர் மாளிகைக் கூரையில் 57 மி.மீ. ராக்கெட்டுகளை இறக்கியது. சிம்மில் அதே 57 மி.மீ. ராக்கெட் பெட்டியை மாட்டிக்கொண்டு ஒரு கட்டடத்தைக் குறிவைத்துப் பாருங்கள். மூக்கைக் கவிழ்த்து இறங்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போகும், குறிக் கண்ணாடியில் புள்ளி உட்காரவே உட்காராது, உட்காரும்போது தரை முகத்துக்கு நேரே இருக்கும். அடர்த்தியான ஊருக்கு நடுவே, சுற்றுலா வரைபடத்தைப் பார்த்து அந்த மாளிகையைத் தேடிக் கண்டுபிடித்து அடித்தார்கள் என்பதை அதற்குப் பிறகு படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

வான் சண்டையும் அப்படித்தான். அப்போது நம்மிடம் இருந்த எஃப்.எல். ரகத்தில் உள்ளே துப்பாக்கியே கிடையாது. ஏவுகணை வந்துவிட்டது, இனி துப்பாக்கி எதற்கு என்று உலகமே நம்பிய காலம் அது. நம்மவர்கள் வயிற்றுக்குக் கீழே ஜி.பி-9 என்ற துப்பாக்கிப் பெட்டியை மாட்டினார்கள். 1971 டிசம்பர் 12-இல் ஜாம்நகர் பக்கம் கடலுக்கு மேல் பாகிஸ்தானின் எஃப்-104 ஒன்றை மிக்-21 வீழ்த்தியது அந்தத் துப்பாக்கியால்தான். ஏன் என்று தெரிய வேண்டுமானால் சிம்மில், வெப்பத்தைத் தேடிப் போகும் ஆர்-3எஸ் ஏவுகணையை விட்டுப் பாருங்கள். எதிரியின் பின்பக்கம் போக வேண்டும், அவன் அதிகம் திரும்பக் கூடாது, நாமும் திரும்பக் கூடாது, சூரியன் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. இத்தனை "கூடாது"க்கும் அவன் ஒத்துழைத்தால் ஏவுகணை போய்ச் சேரும்.

பலர் ஆன்லைனில் சேர்ந்து சண்டை போடும், பனிப்போர்க் காலத்து விமானங்கள் மட்டும் ஓடும் சர்வர்களில் மிக்-21-க்கு வழக்கமான எதிரி அமெரிக்க எஃப்-5. அங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி: ஸ்டிக்கை வயிறு வரைக்கும் இழுப்பது. முக்கோண இறக்கை முதல் திருப்பத்தில் அருமையாகத் திரும்பும், பின்னாலேயே வேகம் கரைந்து போகும், இரண்டாவது திருப்பத்தில் எஃப்-5 உங்கள் முதுகில் இருக்கும். வேகத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, மேலிருந்து இறங்கி அடித்து, நிற்காமல் மறுபடி மேலே போய்விடுவதுதான் இந்த விமானத்தின் வழி. வட்டமடித்துக் கட்டிப் புரண்டால் நஷ்டம் நமக்கு. நன்றாக ஓட்டினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2004-இல் குவாலியரில் அமெரிக்க விமானப்படையோடு நடந்த கோப் இந்தியா கூட்டுப் பயிற்சியே சாட்சி. சுகோய்களோடு சேர்ந்து பைசன்களும் அமெரிக்க எஃப்-15-களுக்கு நல்ல தண்ணி காட்டின. ஆர்-73, ஆர்-77 ஏவுகணை, புது ரேடார், தலைக்கவசத்தாலேயே குறிவைக்கும் வசதி எல்லாம் பைசனுக்கு வந்துவிட்டிருந்தன, உடம்பு மட்டும் பழையது, சின்னது, ரேடாரில் லேசில் அகப்படாதது.

2019 பிப்ரவரி 27-இல் அபிநந்தன் ஓட்டியதும் பைசன். அவர் குடும்பம் காஞ்சிபுரம் பக்கம் என்பதால் நம் ஊர் டீக்கடைகளில் அவர் மீசை வரைக்கும் பேசினார்கள். எஃப்-16 விழுந்ததா இல்லையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, அதற்கு ஆள் நிறைய இருக்கிறது. எனக்குப் பட்டது வேறு. ஸ்ரீநகரில் இருந்து அவசரமாகக் கிளம்பி, ஏறி, மறிக்கப் போனது. அதாவது 1950-களில் எந்த வேலைக்காக வரைந்தார்களோ அதே வேலை.

இனி தலைப்புக்கு வருகிறேன். இறக்குவது.

பைக்கில் போகிறவன் வேகத்தைக் குறைக்க ஆக்ஸிலரேட்டரைக் குறைப்பான். மிக்-21-இல் ஒரு கட்டத்துக்குக் கீழே இது தலைகீழ். வேகம் குறையும்போது அந்தச் சின்ன முக்கோண இறக்கை விமானத்தைத் தாங்க, மூக்கை இன்னும் தூக்க வேண்டியிருக்கும். மூக்கு தூக்கினால் காற்று எதிர்ப்பு ஏறும். எதிர்ப்பு ஏறினால் வேகம் இன்னும் குறையும். அதைத் தடுக்க, என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தள்ள வேண்டும், ஆனால் தள்ளியதும் இந்த என்ஜின் உடனே எழுந்துவிடாது, சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில நொடியில் விமானம் மூக்கு மேலே பார்த்தபடியே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். சாதாரண இறக்கை என்றால், ஸ்டால் ஆகும்போது (இறக்கை தாங்காமல் கைவிடும்போது) மூக்கு கவிழ்ந்து "ஆபத்து" என்று சொல்லும். முக்கோண இறக்கை லேசாக உதறும், அவ்வளவுதான், சொல்லாமல் கொள்ளாமல் பொத்தென்று போகும்.

இதோடு எஸ்.பி.எஸ். என்று ஒன்று உண்டு. என்ஜின் கம்ப்ரசரில் இருந்து எடுத்த காற்றை ஃப்ளாப்பின் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) மேல் ஊதவிடும் ஏற்பாடு. ஃப்ளாப்பை முழுசாக, 45 டிகிரி இறக்கும்போது அது சேர்ந்துகொள்ளும், அதனால் இன்னும் கொஞ்சம் மெதுவாக வர முடியும். நல்ல யோசனைதான். ஆனால் ஊதுவது என்ஜின். ஓடுதளம் வந்துவிட்டது, தப்பித்தோம் என்று த்ராட்டிலைச் சட்டென்று பின்னால் இழுத்தால், ஊதுவது நிற்கும், தாங்கிக்கொண்டிருந்த பலத்தில் ஒரு பங்கு அந்த நொடியே காணாமல் போகும். பத்து மீட்டர் உயரத்தில் இது நடந்தால் சக்கரம் உடம்புக்குள் வந்துவிடும். அக்கா மகன் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஓட்டிய எல்லா விமானமும் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது, இறங்கும்போது த்ராட்டிலை மூடு என்றுதான்.

வேகத்தையும் பாருங்கள். ஓடுதளத்தின் விளிம்பைத் தாண்டும்போது மணிக்கு 340 கிலோமீட்டர் அளவில் இருக்க வேண்டும், சக்கரம் தொடும்போது 300-ஐ ஒட்டி. மதுரைக்கு வரும் ஏர்பஸ் 320 பெரும்பாலும் 250 சொச்சத்தில் இறங்குகிறது, அதை ரிங் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தாலே என்ன வேகம் என்று வாயைப் பிளப்போம். நம்ம விமான நிலையம் 1942-இல் ராயல் ஏர்ஃபோர்ஸுக்காக ஆரம்பித்த இடம், இன்றைக்கு ஓடுதளம் கிட்டத்தட்ட 2,300 மீட்டர். (நீட்டிப்புக் கதை பேசினால் இந்தப் பதிவு முடியாது.) அதில் ஒரு மிக்-21-ஐ இறக்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சரியான இடத்தில் தொட்டு, பிரேக் பாராசூட்டும் விரிந்தால் தாராளமாக நிற்கும். கொஞ்சம் தள்ளித் தொட்டு, பாராசூட் விரியாமல், பிரேக்கில் காற்றும் குறைவாக இருந்தால், வேலி வரைக்கும் போவோமா அதைத் தாண்டியும் போவோமா என்பதுதான் கேள்வி.

என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என்ஜின் ஃபிட்டர், விமானம் எப்படிப் பறந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பாராசூட்டை விரித்து நின்றதும், "ஓடுதளத்துலயே கழட்டி விட்டுட்டுப் போகக் கூடாது தம்பி, அந்த ஓரத்துக்குப் போனப்புறம் விடுங்க, பின்னாடி வர்றவன் மேல மாட்டும்" என்றார். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பின்னால் ஒரு வண்டி போய் அந்தப் பாராசூட்டைப் பொறுக்கிக்கொண்டு வருமாம். பிரித்து, கிழிசல் பார்த்து, மடித்து, வாலுக்கு அடியில் இருக்கும் டப்பாவுக்குள் அமுக்கி அடைக்க வேண்டும். அடைக்கிறவர் முழங்கையால் அமுக்குவதை அவர் நாற்காலியில் இருந்தபடியே செய்து காட்டினார். சிம்மில் அது ஒரு பொத்தான், கழன்று விழுந்ததும் மாயமாகிவிடும்.

இப்போது என் நண்பனின் கேள்விக்கு வரலாம். டி.சி.எஸ்.ஸில் எல்-39 என்ற செக் நாட்டுப் பயிற்சி ஜெட் இருக்கிறது, பரம சாது. அதில் நன்றாக இறக்கப் பழகியவனை மறுநாள் மிக்-21-இல் உட்கார வையுங்கள். கை கால் உதறும். நம் விமானிகளுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான். கிரண் மாதிரியான மெதுவான பயிற்சி விமானத்தில் இருந்து நேராக மிக்-21-க்கு வந்தார்கள், தேஜ்பூரில் அதற்கென்று ஒரு பிரிவு வைத்து மிக்-21-இலேயே பயிற்சி கொடுத்தார்கள். இடையில் ஒரு நவீன பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1982-இல் அமைத்த லா ஃபான்டெய்ன் குழு சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட பயிற்சி ஜெட்டான ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-இல். பீதரில் அது படையில் சேர்ந்தது 2008-இல். நடுவில் எத்தனை பேட்ச் பையன்கள் வந்து போயிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2012-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை மிக் வரிசை விமானங்களில் 482 விபத்துகள், அதில் இறந்தவர்கள் 171 விமானிகள், 39 பொதுமக்கள். மனிதத் தவறு, தொழில்நுட்பக் கோளாறு இரண்டையும் காரணமாகச் சொன்னார். இந்த எண்ணை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் "மனிதத் தவறு" என்று எழுதிவிட்டால் கோப்பு மூடிவிடுகிறது, அந்தத் தவறு ஏன் அத்தனை பேருக்கு ஒரே மாதிரி வந்தது என்று கேட்க ஆள் இருப்பதில்லை. ஒற்றை என்ஜின், அது நின்றால் கல் மாதிரி இறங்கும். நம் தளங்களைச் சுற்றிப் பறவைகள் வேறு. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் சவப்பெட்டி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அதன் காலம் ஏன் இத்தனை நீண்டது என்பதற்கும் விடை பக்கத்திலேயே இருக்கிறது. மிக்-21-க்கு மாற்றாக இலகு ரகப் போர் விமானத் திட்டத்தை 1983-இல் ஆரம்பித்தார்கள், முதல் தடவை பறந்தது 2001 ஜனவரி 4, ஸ்குவாட்ரனில் சேர்ந்தது 2016. தேஜஸும் விபத்தே பார்க்காத விமானம் இல்லை. ஆனால் அதுவும் முக்கோண இறக்கைதான் என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம், விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர் உட்கார்ந்திருப்பது. மூக்கை எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு இழுக்கலாம் என்று அது பார்த்துக்கொள்ளும். மிக்-21-இல் அந்த வேலையைச் செய்ய ஒரு சின்ன டயலும் விமானியின் இடுப்பும்தான் இருந்தன.

சிம்மின் எல்லையும் எனக்குத் தெரியும். அந்த இடுப்புக்கு எந்தச் சேதியும் நாற்காலியில் இருந்து வராது. 7 ஜி-யில் கழுத்து தொங்காது, கண் இருட்டாது, திரைதான் இருட்டும். மே மாத ராஜஸ்தான் வெயிலில் மூடிய கண்ணாடிக்குள் ஓடுதளத்தில் வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை, ஃபேன் நின்ற மதுரை மத்தியானம்கூடச் சொல்லித் தராது. பயம் என்பது இல்லவே இல்லை. ஆகவே, ஓட்டிப் பார்த்தவன் எல்லாம் விமானி என்று நான் சொல்லவில்லை. ஒரு விமானத்தைத் திட்டுவதற்கு முன் அது எந்த இடத்தில் எப்படிக் காலை வாரும் என்று கையால் தொட்டுப் பார்க்க இதை விட்டால் நமக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான் என் வாதம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு: முதலில் இலவச சு-25டி, ரெண்டு வாரம் வெறுமனே ஏறி இறங்குங்கள், யாரையும் சுட வேண்டாம். மிக்-21-க்கு வந்ததும் இறங்கும்போது த்ராட்டிலைத் தரை தொடும் வரை முழுக்க மூடாதீர்கள், வேகத்தைப் பார்க்கும் கண்ணை மூக்குக் கோண டயலுக்கும் கொஞ்சம் பகிர்ந்துகொடுங்கள், பிரேக்கை மிச்சம் வையுங்கள். பாராசூட்டை எங்கே கழற்ற வேண்டும் என்பது மேலே இருக்கிறது.

அக்கா மகன் இப்போது எஃப்-16 வாங்கித் தா என்று பிடுங்குகிறான். "அதுல கம்ப்யூட்டரே எல்லாம் பார்த்துக்கும் மாமா, ஜாலியா ஓட்டலாம்" என்கிறான். தீபாவளித் தள்ளுபடி வரட்டும், அதற்குள் இதை மூன்று சக்கரமும் ஒட்டியிருக்க இறக்கிக் காட்டு, பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி இரண்டு சக்கரம் வரைக்கும் வந்துவிட்டான்.